ஒரே வீடு, வெவ்வேறு விலை: எந்தப் பகுதியில் வாங்குவது கட்டுப்படியாகும்?

கேட்கப்பட்ட கேள்வி இது: பரப்பளவிலும் அறைகளின் எண்ணிக்கையிலும் கட்டுமானத் தரத்திலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் இரண்டு வீடுகளுக்கு, ஒரே நாட்டின் இரு பகுதிகளில் மூன்று மடங்கு, நான்கு மடங்கு விலை வேறுபாடு ஏன் வருகிறது? நடுத்தர வருமானமுள்ள ஒருவர் விலை குறைந்த பகுதியைத் தேடிப் போய் வாங்குவது சரியான முடிவாகுமா?

முதல் கேள்விக்கான விடை மனையில் இருக்கிறது. இரண்டாவதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை சொல்ல முடியாது. விலை உயர்ந்த பகுதியில் வாங்குபவரை வாசலிலேயே நிறுத்துவது முன்பணம். விலை குறைந்த பகுதியில் சிக்கல் பெரும்பாலும் வாங்கிய பிறகுதான் தொடங்குகிறது. விலைப்பட்டியலை மட்டும் வைத்து ஒப்பிடுபவர்களுக்கு இரண்டில் எதுவும் கண்ணில் படுவதில்லை என்பதால், சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு வீட்டின் விலையில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, கட்டடம், மற்றொன்று, அது நிற்கும் மனை. சிமென்ட், கம்பி, செங்கல், மரம், கூலி ஆகியவற்றின் விலை பகுதிக்குப் பகுதி கொஞ்சம் மாறும் என்றாலும், ஒரே நாட்டுக்குள் மூன்று மடங்கு மாறுவதில்லை. மனையின் விலை அப்படியல்ல. அது பத்து மடங்குகூட மாறும். மோரிட்ஸ் ஷுலாரிக் உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் 14 வளர்ந்த நாடுகளின் வீட்டு விலைகளை 1870 முதல் 2012 வரை தொகுத்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏற்பட்ட விலையேற்றத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு மனை விலையே காரணம் என்று கண்டார்கள். காலத்துக்குக் காலம் ஏற்படும் மாற்றத்தைப் பற்றிய முடிவு இது. என்றாலும், இடத்துக்கு இடம் தெரியும் வேறுபாட்டையும் இதே கண்ணோட்டத்தில் பார்த்தால் பல புதிர்கள் விடுபடும்.

மனை விலை எப்படி உருவாகிறது என்பதில் பலருக்கும் ஒரு தலைகீழான எண்ணம் இருக்கிறது. மனை விலை அதிகமாக இருப்பதால் வீட்டு விலை ஏறுகிறது என்கிறார்கள். தானிய விலை ஏறியதால்தான் நிலத்தின் குத்தகை ஏறியது, குத்தகை ஏறியதால் தானிய விலை ஏறவில்லை என்று பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ 1817இலேயே விளக்கியிருக்கிறார். வீட்டுக்கும் அது பொருந்தும். ஒரு கட்டுமான நிறுவனம் மனையை வாங்கும்போது போடும் கணக்கைப் பாருங்கள். கட்டி முடித்த வீடு 100க்கு விற்கும், கட்டுமானச் செலவு 60, விற்பனை விலையில் 15 விழுக்காடு லாபமும் இதரச் செலவும் என்று வைத்துக்கொண்டால், மனைக்கு அதிகபட்சம் 25 கொடுக்கலாம். அந்தப் பகுதியில் வீட்டு விலை 20 விழுக்காடு கூடி 120 ஆனால், 60 கட்டுமானத்துக்கும் 18 லாபத்துக்கும் போக மனைக்கு 42 மிஞ்சும். அதாவது வீடு 20 விழுக்காடு ஏறும்போது மனை 68 விழுக்காடு ஏறுகிறது. மாறாக, வீடு 70க்குத்தான் விலைபோகும் என்றால், செலவும் லாபமும் சேர்ந்தே 70.5 ஆகிவிடுவதால் மனையை இலவசமாகக் கொடுத்தாலும் கட்ட ஆளிருக்காது.

இந்தக் கடைசி நிலை வெறும் கணக்குப் பயிற்சி அல்ல. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் 1950இல் ஏறத்தாழ 18.5 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 6.4 லட்சத்துக்கும் குறைவு. மக்கள் வெளியேறினாலும் கட்டிய வீடுகள் அங்கேயேதான் நிற்கும். அதனால் அங்கே பல பத்தாண்டுகளாக, புதிதாகக் கட்ட ஆகும் செலவைவிட மிகக் குறைந்த விலைக்கு வீடுகள் கைமாறின. பொருளியலாளர்கள் எட்வர்ட் கிளேசரும் ஜோசப் ஜயர்கோவும் இதை 2005இல் தெளிவாக எழுதினார்கள்: வளரும் நகரம் வேகமாக வளரும், தேயும் நகரம் மெல்லத்தான் தேயும், ஏனென்றால் மலிவான பழைய வீடுகள் குறைந்த வருமானமுள்ளவர்களை அங்கேயே தங்கவைக்கின்றன. மலிவான வீடு என்று கேட்டவுடன் மகிழ்வதற்கு முன், அது எதனால் மலிவாக இருக்கிறது என்று ஒரு முறை விசாரிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒரு பகுதிக்கு ஆட்களை இழுப்பதில் முதலிடம் வேலைவாய்ப்புக்கு. வேலை மாறினாலும் வீடு மாற வேண்டாத அளவுக்கு நிறுவனங்கள் அடர்ந்திருக்கும் பெருநகரத்தில், கணவன், மனைவி இருவருக்கும் தங்கள் படிப்புக்கேற்ற வேலை ஒரே ஊரில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அந்த வசதிக்கும் சேர்த்துத்தான் மனை விலை தரப்படுகிறது. ஆனால் ஊதியம் மட்டுமே காரணமல்ல. இதமான காலநிலை, கடற்கரை, நல்ல பள்ளிகள் போன்றவை உள்ள இடங்களில் மக்கள் கூடுதல் விலை கொடுத்தும் குறைந்த சம்பளத்தை ஏற்றுக்கொண்டும் வாழ்வார்கள் என்று பொருளியலாளர் ஜெனிபர் ரோபேக் 1982இல் காட்டினார். உள்ளூர் மக்களுக்குக் கட்டுப்படியாகாத நிலை மிகக் கடுமையாக இருப்பது பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான். இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் உள்ள செயின்ட் ஐவ்ஸ் ஊரில், புதிதாகக் கட்டப்படும் வீடுகளை வெளியூர்க்காரர்கள் விடுமுறை வீடாக வாங்கக் கூடாது என்ற விதியை 2016 வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் ஆதரித்தார்கள். அங்கே விலையைத் தீர்மானித்தது வேறு ஊரில் சம்பாதித்த பணம். உள்ளூர்ச் சம்பளத்தால் அதோடு போட்டியிட முடியவில்லை.

இழுப்பு மட்டும் இருந்தால் விலை ஏற வேண்டும் என்பதில்லை. வருபவர்களுக்கு ஏற்ப வீடுகளும் பெருகினால் ஊர் பெரிதாகும். பெருகாவிட்டால் விலை பெரிதாகும். பகுதிகளுக்கு இடையிலான வேறுபாட்டில் மிகவும் குறைவாகப் பேசப்படும் காரணம் இதுதான் என்பது என் கருத்து. இதில் இயற்கைக்கும் பங்கு உண்டு. கடலும் ஏரியும் 15 விழுக்காட்டுக்கு மேல் சரிவான மலைப்பகுதியும் ஒரு நகரைச் சுற்றி எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கின்றன என்பதை அமெரிக்க நகரங்களுக்கு அளந்து பார்த்த பொருளியலாளர் ஆல்பர்ட் சாயிஸ், 2010இல் வெளியிட்ட ஆய்வில், இடம் குறுகிய நகரங்களில் கட்டுமானம் எளிதில் பெருகுவதில்லை என்று காட்டினார். ஆனால் இயற்கையை விடவும் விதிமுறைகள் வலிமையானவை. ஹாங்காங் மலைப்பாங்கான சிறு நிலப்பரப்புதான் என்றாலும், அதன் நிலத்தில் ஏறத்தாழ கால் பங்கில் மட்டுமே கட்டடங்களும் சாலைகளும் இருக்கின்றன; சுமார் 40 விழுக்காடு பூங்காக்களாகவும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாகவும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் 1947 திட்டமிடல் சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலான புதிய கட்டுமானங்களுக்கு அரசின் திட்ட அனுமதி தேவை. லண்டனையும் வேறு பல நகரங்களையும் சுற்றியுள்ள, புதிதாகக் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் பசுமை வளையம் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பசுமையை நான் குறைசொல்லவில்லை. அது தரும் நன்மைக்கான விலையை வீடில்லாத இளைய தலைமுறை கட்டுகிறது என்பதை மறைக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

எதிர்த் திசையில் சென்ற ஊர்களும் உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் 1998இல் தன் மையப்பகுதியில் ஒரு வீட்டுக்குத் தேவையான குறைந்தபட்ச மனையளவை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 சதுர அடியாகக் குறைத்தது. ஒரு வீடு இருந்த இடத்தில் மூன்று குறுகிய வீடுகள் எழும்பின. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016இல் தன் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கில் அடர்த்தியாகக் கட்ட அனுமதித்ததும், அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் கட்டுமான அனுமதிகள் பெருமளவில் கூடின. ஜப்பானில், எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று சொல்லும் நில வகைப்பாட்டு விதிகள் நாடு முழுவதற்கும் ஒன்றாக வகுக்கப்பட்டவை. பக்கத்து வீட்டுக்காரர்களின் எதிர்ப்பால் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தைத் தடுத்துவிடுவது அங்கே எளிதல்ல. உலகின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்றான டோக்கியோவில் சராசரிச் சம்பளக்காரருக்கும் நகருக்குள் வாடகைக்கு ஏதோ ஒரு வீடு கிடைக்கிறது என்றால், இந்த ஏற்பாட்டுக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

இனி, கட்டுப்படியாவது என்பதை எப்படி அளப்பது? மிக எளிய அளவுகோல், பகுதியின் இடைநிலை வீட்டு விலையை (எல்லா விலைகளையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) இடைநிலை ஆண்டு வருமானத்தால் வகுப்பது. பன்னாட்டு நகரங்களை ஒப்பிடும் டெமோகிராபியா அறிக்கை, குடும்ப வருமானத்தைப் போல 3 மடங்குக்குள் இருந்தால் கட்டுப்படியாகும் என்றும், 5 மடங்கைத் தாண்டினால் கடுமையாகக் கட்டுப்படியாகாது என்றும் வகைப்படுத்துகிறது. 2022 அறிக்கையில் ஹாங்காங்குக்கு 23.2 என்ற எண் வந்தது. இங்கிலாந்தின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் குடும்ப வருமானத்துக்குப் பதிலாக முழுநேரப் பணியாளர் ஒருவரின் ஊதியத்தை எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் 1997இல் வீட்டு விலை ஆண்டு ஊதியத்தைப் போல 3.5 மடங்காக இருந்தது, 2024இல் 7.7 மடங்கு. அதே 2024இல் லண்டனில் ஏறத்தாழ 11 மடங்கு, நாட்டின் வடகிழக்கில் ஏறத்தாழ 5 மடங்கு. இவ்விரு அறிக்கைகளின் எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிடக் கூடாது. ஒன்றில் ஒருவரின் சம்பளம், மற்றொன்றில் வீட்டில் உள்ள அனைவரின் சம்பளம்.

இந்த எண்களுக்குள் இன்னும் சில கண்ணிகள் இருக்கின்றன. ஒரு பகுதியில் வேலை செய்பவர்களின் ஊதியத்தை எடுப்பதா, அங்கே குடியிருப்பவர்களின் ஊதியத்தை எடுப்பதா என்பதைப் பொறுத்து விடை மாறும். பெருநகருக்கு நாள்தோறும் ரயிலேறிப் போகிறவர்கள் நிறைந்த புறநகரில் குடியிருப்பவர்களின் ஊதியப்படி வீடு கட்டுப்படியாவதுபோல் தெரியும், அங்குள்ள கடையிலோ பள்ளியிலோ வேலை செய்பவருக்கு எட்டவே எட்டாது. பெரிய வீடுகள் அதிகமாக விற்ற ஆண்டில் இடைநிலை விலை கூடிவிடும், எந்த வீட்டின் விலையும் உண்மையில் ஏறாமலேயே. ஒரு மாநிலத்தின் சராசரியோ ஒரு நகரத்தின் சராசரியோ, நீங்கள் வாங்க நினைக்கும் தெருவைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும். ஆகவே மடங்குக் கணக்கைத் திசைகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். முடிவுக்கு உங்கள் சொந்தச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

சொந்தச் சம்பளம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு, இங்கிலாந்தின் பொது மருத்துவத் துறையில் பணிபுரியும் ஒரு செவிலியரை எடுத்துக்கொள்வோம். அவருடைய ஊதியம் இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே படிநிலையில் வகுக்கப்பட்டது. உள் லண்டனில் பணிபுரிந்தால் அடிப்படைச் சம்பளத்தில் 20 விழுக்காடும், வெளி லண்டனில் 15 விழுக்காடும், விளிம்புப் பகுதியில் 5 விழுக்காடும், ஒரு குறைந்தபட்ச, அதிகபட்ச வரம்புக்குள், கூடுதல் படியாகத் தரப்படும். வடகிழக்கில் அந்தப் படி கிடையாது. ஆனால் லண்டனின் சராசரி வீட்டு விலை வடகிழக்கைப் போல மூன்று மடங்குக்கும் மேல். சம்பளம் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது, வீடு மூன்று மடங்காகிறது. இதே பணியை, இதே பொறுப்போடு செய்யும் இருவரில் ஒருவர் முப்பது வயதில் சொந்த வீட்டில் குடியேறுகிறார், மற்றவர் ஓய்வுபெறும்வரை வாடகை கொடுக்கிறார். ஆசிரியர், தீயணைப்பு வீரர், அஞ்சல் ஊழியர் என்று நாடு முழுவதும் ஒத்த ஊதியம் பெறுவோர் எல்லோருக்கும் இது பொருந்தும். பெருநகரங்கள் தங்களை இயக்குபவர்களையே வெளியே தள்ளுகின்றன என்ற கவலை எனக்கு உண்டு. இதைச் சந்தையின் இயல்பு என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

அதேவேளையில், நிதி, மென்பொருள், சட்டம் போன்ற துறைகளில் பெருநகரச் சம்பளம் சிறிய ஊரின் சம்பளத்தைப் போல இரண்டு மடங்காகக்கூட இருக்கும். அவர்களுக்கு விலை உயர்ந்த பகுதியே சரியான தேர்வாக இருக்கலாம். ஆகவே எந்தப் பகுதி மலிவு என்ற கேள்விக்கு, யாருக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் பொருள் வரும்.

இப்போது கடனுக்கு வருவோம். மாத வருமானம் 1,00,000 என்று கொள்வோம். எந்த நாணயமாகவும் இருக்கட்டும். வருமானத்தில் 30 விழுக்காடு, அதாவது மாதம் 30,000 தவணையாகக் கட்ட முடியும், கடன் காலம் 25 ஆண்டுகள். வட்டி 3 விழுக்காடாக இருந்தால் ஏறத்தாழ 63.3 லட்சம் கடன் கிடைக்கும். அது ஆண்டு வருமானத்தைப் போல 5.3 மடங்கு. வட்டி 6 விழுக்காடானால் அதே தவணைக்கு 46.6 லட்சம், அதாவது 3.9 மடங்கு. 9 விழுக்காடானால் 35.7 லட்சம், 3 மடங்குக்கும் ஒரு மயிரிழை குறைவு. சம்பளத்தில் ஒரு ரூபாயும் மாறாமலேயே வாங்கும் சக்தி இப்படிச் சுருங்குகிறது.

இதை விலை மடங்கோடு பொருத்திப் பார்த்தால்தான் பகுதி வேறுபாட்டின் உண்மையான கூர்மை தெரியும். வீட்டு விலை வருமானத்தைப் போல 4 மடங்காக இருக்கும் பகுதியில், 20 விழுக்காடு முன்பணம் போக வேண்டிய கடன் 3.2 மடங்கு. வட்டி 6 விழுக்காடாக இருந்தாலும் தவணை 30 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். முன்பணம் 0.8 ஆண்டு வருமானம். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சேமித்தால், சேமிப்பின் வட்டியைக் கணக்கில் எடுக்காமல், 8 ஆண்டுகளில் சேர்ந்துவிடும். 10 மடங்காக இருக்கும் பகுதியில் 20 விழுக்காடு முன்பணம் என்பதே 2 ஆண்டு வருமானம். அதே சேமிப்பு வேகத்தில் 20 ஆண்டுகள். அதோடு முடிவதில்லை. மீதி 8 மடங்கைக் கடனாக எந்த வட்டியிலும் சமாளிக்க முடியாது. வட்டி 3 விழுக்காடாக இருக்கும் நல்ல காலத்திலேயே கடன் 5.3 மடங்கோடு நின்றுவிடுவதால், மீதி 4.7 ஆண்டு வருமானத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். வட்டி 6 விழுக்காடானால் 6.1 ஆண்டு வருமானம். சம்பளத்திலிருந்து மட்டும் இதைச் சேர்ப்பவர்கள் அரிது. பெற்றோர் கொடுக்கும் பணம், ஏற்கெனவே ஒரு வீட்டை விற்ற பணம், பரம்பரைச் சொத்து, இவற்றில் ஒன்று இருந்தாக வேண்டும். விலை உயர்ந்த பகுதியில் வீடு வாங்க முடியுமா என்பது, எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்பதைவிட யாருக்குப் பிறந்தீர்கள் என்பதையே அதிகம் பொறுத்ததாகிவிடுகிறது.

வங்கிகளும் கட்டுப்பாட்டாளர்களும் இந்த எல்லையை விதியாகவே வைத்திருக்கிறார்கள். வருமானத்தைப் போல 4.5 மடங்கோ அதற்கு மேலோ உள்ள கடன்கள் புதிய வீட்டுக் கடன்களில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை இங்கிலாந்து வங்கி 2014இல் கொண்டுவந்தது. சிங்கப்பூரில் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்கான தவணை மொத்த மாத வருமானத்தில் 30 விழுக்காட்டையும், எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து 55 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. கனடாவில் விண்ணப்பிப்பவர், வங்கியோடு பேசிய வட்டியைவிட 2 விழுக்காட்டுப் புள்ளி கூடுதலாக இருந்தாலும் கட்ட முடியும் என்று காட்ட வேண்டும். விதிகள் நாடு முழுவதற்கும் ஒன்று. ஆனால் அவை உறைப்பது விலை உயர்ந்த பகுதிகளில் மட்டும்தான். மலிவான பகுதியில் வாங்குபவர் இந்த வரம்பைத் தொடுவதே இல்லை. வட்டி ஏறும்போது முதலில் ஆட்டம் காண்பதும் எல்லோரும் எல்லைவரை கடன் வாங்கியிருக்கும் பகுதிகளின் விலைதான்.

30 விழுக்காடு என்ற எண்ணை நான் மேலே கணக்குக்காகப் பயன்படுத்தினேன். அதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் பொது வீட்டுவசதித் திட்டங்களில் வாடகைக்கு 1969இல் 25 விழுக்காடு என்று வைத்த உச்சவரம்பை 1981இல் 30 ஆக உயர்த்தினார்கள். அங்கிருந்துதான் அது எங்கும் பரவியது. குறைந்த வருமானமுள்ள, இரண்டு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு மீதி 70 விழுக்காடு போதாமல் போகலாம்; உயர்ந்த வருமானமுள்ள தனிநபருக்கு 40 விழுக்காடும் வலிக்காது. தவணை, வரி, காப்பீடு, பராமரிப்பு எல்லாம் போக, கையில் எவ்வளவு மிஞ்சுகிறது, அந்தப் பகுதியில் அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா என்று பார்ப்பதே நேர்மையான கணக்கு.

அந்த மற்றச் செலவுகளும் பகுதிக்குப் பகுதி பெரிதும் மாறும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் சொத்து வரி ஆண்டுக்கு வீட்டு மதிப்பில் ஏறத்தாழ 2 விழுக்காடு. ஹவாயில் அதில் ஒரு சிறு பகுதிதான். கலிபோர்னியாவில் 1978இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவு, வரிக்கான மதிப்பை வாங்கிய விலையிலிருந்து ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக் கூடாது என்கிறது. அதனால் ஒரே தெருவில் ஒரே மாதிரி வீட்டுக்கு, பழைய உரிமையாளர் கட்டும் வரியைப் போலப் பல மடங்கை நேற்று வாங்கியவர் கட்டுகிறார். வெள்ளமும் சூறாவளியும் காட்டுத்தீயும் மிகுந்த பகுதிகளில் காப்பீட்டுக் கட்டணம் தவணையோடு போட்டிபோடும் அளவுக்குப் போகலாம். போக்குவரத்துச் செலவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வீட்டுக்கும் போக்குவரத்துக்கும் சேர்த்து வருமானத்தில் 45 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று சிகாகோவைச் சேர்ந்த ஓர் ஆய்வு மையம் பரிந்துரைக்கிறது. நகர விளிம்பில் மலிவாக வாங்கிய வீட்டுக்காகக் குடும்பத்தில் இருவரும் தனித்தனியே கார் வைத்திருக்க வேண்டியிருந்தால், தவணையில் மிச்சமானது எரிபொருளிலும் கார் கடனிலும் போய்விடும்.

விலை குறைந்த பகுதியின் ஆபத்துகளில் நான் முதலில் சொல்ல விரும்புவது, கட்டடம் தேயும், மனை தேயாது என்பதை. விலை உயர்ந்த பகுதியில் 100க்கு வாங்கிய வீட்டில் 70 மனையாகவும் 30 கட்டடமாகவும் இருக்கும்; மலிவான பகுதியில் 30க்கு வாங்கிய அதே வீட்டில் 5 மனை, 25 கட்டடம். கூரையை மாற்றவும், குழாய்களைப் புதுப்பிக்கவும், ஈரக்கசிவைச் சரிசெய்யவும் ஆகும் செலவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஏனென்றால் அது கட்டடத்தைப் பொறுத்தது. முதல் வீட்டில் 3 செலவானால் விலையில் 3 விழுக்காடு. இரண்டாவதில் 10 விழுக்காடு. இதனால்தான் மலிவான பகுதிகளில் பழுதுபார்க்காத வீடுகள் பெருகுகின்றன. செலவிட்ட பணம் விற்கும்போது திரும்பாது என்று உரிமையாளர்களுக்குத் தெரியும்.

இத்தாலியில் சிசிலித் தீவின் முசோமெலி, சம்பூக்கா போன்ற சிற்றூர்கள் பாழடைந்த வீடுகளை ஒரு யூரோவுக்கு விற்க முன்வந்தது உலகெங்கும் செய்தியானது. விலை ஒரு யூரோ. நிபந்தனையோ குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள், பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்குள், முழுமையாகப் புதுப்பிக்க வேண்டும் என்பது. பல ஊர்களில் அதற்கு ஓர் உத்தரவாதத் தொகையும் கட்ட வேண்டும். சுவரும் கூரையும் மின்சாரமும் குடிநீரும் சேர்த்துப் பார்த்தால் செலவு பல்லாயிரம் யூரோக்கள். ஜப்பானில் 2023 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள், மொத்தத்தில் 13.8 விழுக்காடு, ஆளில்லாமல் கிடக்கின்றன. டோக்கியோவிலும் காலி வீடுகள் உண்டு. ஆனால் கிராமப்புறத்தில் பலவற்றுக்கு இலவசமாகக் கொடுத்தாலும் ஆளில்லை.

அடுத்த ஆபத்து, ஒரே தொழிலை நம்பிய பகுதி. எண்ணெய் விலை 2014இல் சரிந்தபோது ஸ்காட்லாந்தின் எண்ணெய்த் தொழில் நகரமான அபர்தீனில் வீட்டு விலை பல ஆண்டுகள் இறங்குமுகமாகவே இருந்தது. ஆஸ்திரேலியாவின் சுரங்க நகரமான போர்ட் ஹெட்லாண்டில் சுரங்க முதலீட்டு அலை ஓய்ந்ததும் விலை செங்குத்தாக விழுந்தது. இத்தகைய ஊரில் வேலை போவதும் வீட்டு மதிப்பு விழுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். பெருநகரில் வேலை போனால் பக்கத்து நிறுவனத்தில் தேடலாம், முடியாவிட்டால் வீட்டை விற்றுக் கடனை அடைக்கலாம். இங்கே இரண்டு கதவும் சேர்ந்தே மூடிக்கொள்ளும். விலை குறைந்த பகுதியில் வாங்குபவருக்கு நான் சொல்லும் முதல் யோசனை, அங்கே உங்கள் துறையில் வேலை கொடுக்கும் நிறுவனங்களை எண்ணிப் பாருங்கள் என்பது. ஒன்றோ இரண்டோ என்றால் முன்பணத்தைக் கூட்டி, கடனைக் குறைத்து வாங்குங்கள்.

வாடகையையும் இந்தக் கணக்கில் சேர்க்காமல் விடக் கூடாது. விலை உயர்ந்த பகுதிகளில் வாங்குபவர்கள் எதிர்கால விலையேற்றத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பதால், விலையோடு ஒப்பிடும்போது வாடகை குறைவாகவே இருக்கும். ஆண்டு வாடகையைப் போல 35 மடங்கு விலை கேட்கும் ஊரில், வாடகைக்கு இருந்துகொண்டு முன்பணத்தை வேறு முதலீட்டில் வைப்பது தோல்வியின் அடையாளமல்ல. பல குடும்பங்களுக்கு அது விவேகமான முடிவு. ஆண்டு வாடகையைப் போல 12 மடங்குக்கு வீடு கிடைக்கும் ஊரில், அங்கே பத்தாண்டுகள் இருக்கப்போவது உறுதியென்றால் வாங்கத் தயங்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளில் இடம் மாற வேண்டியிருக்கும் என்றால் எங்கேயும் வாங்க வேண்டாம். பதிவுச் செலவும் தரகும் வரியும் சேர்ந்து மிச்சத்தை விழுங்கிவிடும். வாடகையிலேயே நிம்மதியாக வாழ முடிவது பொது ஏற்பாட்டையும் பொறுத்தது. வியன்னாவில் ஏறத்தாழ பாதிப் பேர் நகராட்சி வீடுகளிலோ மானியம் பெற்ற வீடுகளிலோ வசிக்கிறார்கள். அங்கே சொந்த வீடு இல்லாதவர் நாளை வெளியேற்றப்படுவோமோ என்ற பயத்தோடு தூங்கப் போவதில்லை.

2020க்குப் பிறகு இன்னொரு வழி திறந்தது: பெருநகரச் சம்பளத்தை வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தே வேலை பார்த்தபடி, மலிவான பகுதிக்குக் குடிபெயர்வது. பெருநகர மையங்களில் தேவை தளர்ந்து புறநகர்களிலும் சிற்றூர்களிலும் விலை ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த வழியில் போக நினைப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. அலுவலகத்துக்குத் திரும்பி வரச் சொல்லும் உரிமை பெரும்பாலான ஒப்பந்தங்களில் நிறுவனத்திடமே இருக்கிறது. வசிக்கும் இடத்தைப் பொறுத்துச் சம்பளத்தைக் குறைக்கும் நிறுவனங்களும் உண்டு. கடனோ 25 ஆண்டுக்கு. எனவே இப்போது வாங்கும் சம்பளத்தை வைத்துக் கணக்கிடாமல், குடிபோகும் பகுதியில் உங்கள் தொழிலுக்குக் கிடைக்கும் சம்பளம் என்ன என்று விசாரித்து, அதில் தவணையைக் கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் தயங்காமல் வாங்கலாம். முடியாது என்றால், அதே பகுதியில் முதல் இரண்டு ஆண்டுகள் வாடகைக்கு இருந்துவிட்டு முடிவெடுங்கள்.